ஓட்டைக் காலணா ஒரு லட்சமா?

சென்ற மாதம் என் கல்லூரித் தோழியின் வீட்டுக் காதுகுத்துக்காகப் பனமரத்துப்பட்டிக்குப் போயிருந்தேன். சேலத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் அரளித் தோட்டங்கள். இத்தனை அழகும் இருக்க, என் மனத்தில் நின்றுவிட்டது என்னவோ ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாதான்!

அது தோழியின் அம்மாயியுடைய டப்பா. அம்மாவைப் பெற்றவளை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். அம்மாயிக்கு வயது எண்பத்தைந்து. டப்பாவைத் திறந்து பாயில் கொட்டினார். ஓட்டைக் காலணா, தாமரை போட்ட இருபது பைசா, நேரு முகம் பதித்த ஒரு ரூபாய், எல்லாம் கலகலவென்று உருண்டன.

"இதுக்குப் போயி ஆயிரத்தைந்நூறு ரூவாயைத் தொலைச்சுட்டானுங்க அம்மிணி, இந்தப் பையன்!" என்று பேரனைக் காட்டினார்.

விஷயம் இதுதான். 'ஓட்டைக் காலணா இருந்தால் ஒரு லட்சம் தருகிறோம்' என்று பையனுக்கு ஒரு டெலிபோன் வந்ததாம். முதலில் 'பதிவுக் கட்டணம்' கட்டச் சொன்னார்கள். கட்டினான். அப்புறம் 'வரி' என்றார்கள். அம்மாயி விழித்துக்கொண்டார், அத்தோடு நின்றது. இப்படிப்பட்ட ஆசை வார்த்தைகளை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது. தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர், நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கைவிடுகிறவர்களிடம் நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

உண்மையில் ஓட்டைக் காலணா அபூர்வமான காசே அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது, நடுவில் துளை போட்டுச் சிக்கனம் செய்தார்கள். 1943 முதல் 1947 வரை கோடிக்கணக்கில் அச்சானது. அறுபத்து நான்கு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். ஆனாலும் எங்கோ நடந்த யுத்தம் நம் வீட்டுச் சுருக்குப்பைக்குள் எப்படி வந்தது என்பதை அந்த ஓட்டை சொல்கிறது அல்லவா? அந்தக் கதைதான் காசு சேர்ப்பதில் கிடைக்கும் லாபம்.

இதற்குச் செலவே வேண்டாம். உங்கள் கைப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசில் வருஷத்தின் கீழே பொடியாக ஓர் அடையாளம் இருக்கும். சாய்சதுரம் என்றால் பம்பாய், நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. எந்த ஊர் அக்கசாலையில் அச்சானது என்பதற்கு அதுதான் முகவரி. விடுமுறை நாளில் குழந்தைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்!

அடுத்தது ஞாபகார்த்த நாணயங்கள். சுதந்திர இந்தியாவில் இந்த வழக்கம் 1964-இல், நேரு மறைந்த வருஷத்தில் ஆரம்பித்தது. அம்மாயி டப்பாவிலிருந்த நேரு ரூபாய் அதுதான். தஞ்சாவூரில் 1995-இல் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் காசில் வந்தார். காமராஜர் நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய் வந்தது. 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டுக் காசில் அவருடைய கையெழுத்துத் தமிழிலேயே இருக்கிறது. 2010-இல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கும் ஒரு காசு. நாம் பார்க்காமலே மளிகைக் கடையில் நீட்டிய ஐந்து ரூபாய்களில் இவை எத்தனையோ!

பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாயி எழுந்து புளியும் சாம்பலும் எடுத்து வந்துவிட்டார். "அழுக்கா இருக்குது கண்ணு, தேய்ச்சுத் தர்றேன்!"

நான் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சகோதரிகளே, பழைய காசுக்கு நாம் செய்யும் பெரிய துரோகம் இதுதான். புளி பட்டால் பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும். கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் 'மாக்கோதை' என்றும், சிலவற்றில் 'கொல்லிப்புறை' என்றும் பழந்தமிழ் எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையை நினைவூட்டும் பெயர்! பாண்டியர் காசில் 'பெருவழுதி' என்ற பெயரைக் கண்டு சொன்ன ஆர். கிருஷ்ணமூர்த்தி, தொழிலால் பத்திரிகை ஆசிரியர்; காசு சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். அந்தக் காசுகள் யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் புளித்தேய்ப்புக்கு ஆளாகியிருந்தால், அந்த ராஜாக்களின் பெயர்கள் தண்ணீரோடு போயிருக்கும்.

ஆகவே, காசைத் தேய்க்காதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். உறையின் மேல் யார் கொடுத்தது, எப்போது கிடைத்தது என்று எழுதுங்கள்.

இதைக் கேட்ட அம்மாயி சற்று நேரம் பேசவில்லை. பிறகு முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வெள்ளிப் பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் அவர் கணவர் வாங்கியது. காசில் விலை அச்சிட்டிருக்கும், பதக்கத்தில் இருக்காது. இதிலோ எதுவுமே இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

"இதுல அவுங்க பேரு இருந்துச்சு கண்ணு. நான் வாயால சொல்ல மாட்டேன். அதனால அப்பப்போ எடுத்துப் பாத்துக்குவேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு நல்லாத் தேய்ச்சு வெச்சேன். நானே அழிச்சுப் போட்டனா?"

என்ன பதில் சொல்வது? என் தோழி மெதுவாக ஓர் உறையை எடுத்தாள். தாத்தாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். ஓட்டப்பந்தயம், முதல் பரிசு என்று கீழே சேர்த்தாள். அம்மாயி அதை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். வாய் மட்டும் அசையவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும். கதை சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே அதைத் திறந்துவிடுங்கள். புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்!