நிலவறையா, மேல்தளமா?

1968இல் ஜார்ஜ் ரொமேரோ ஏறத்தாழ 1,14,000 டாலரில் எடுத்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தில் குறைகளுக்குப் பஞ்சமில்லை. கதாநாயகி பார்பரா படத்தின் பெரும்பகுதி பேச்சற்று உறைந்து கிடக்கிறாள். தொலைக்காட்சிச் செய்திகள் கதையை நிறுத்திவைத்து விளக்கம் சொல்கின்றன. துணை நடிப்பு சில இடங்களில் ஒத்திகைபோல இருக்கிறது. ஆனாலும் பென்சில்வேனியாவின் ஒரு பண்ணைவீட்டில் ஏழு பேர் அடைபட்டபின் படம் நம்மை விடுவதில்லை. வெளியே நடமாடும் பிணங்களைவிட, நிலவறைக்குள் பூட்டிக்கொள்வதா, மேலே நின்று தடுப்பதா என்று அவர்களில் பென்னும் ஹாரி கூப்பரும் போடும் சண்டைதான் உண்மையான பயத்தைத் தருகிறது.

கையில் காசில்லை என்பதற்காகக் குறைகளை மன்னிக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம், வறுமை தானாகக் கலையாகிவிடாது. இந்தப் படத்தை நான் மதிப்பது அதன் துணிவுக்காக. யார் சொன்னது சரி என்று அது எளிதில் தீர்ப்பளிப்பதில்லை: நிலவறையை எதிர்த்த பென்னே கடைசியில் அதற்குள் ஒளிந்துதான் அந்த இரவைத் தாண்டுகிறான். டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் ஏற்ற வேடம் அது. வசனத்தில் எங்கும் நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அப்படியிருந்தும், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டில் வெளியான படத்தில், விடிந்ததும் வந்த துப்பாக்கிக் கூட்டம் உயிரோடு நிற்கும் பென்னைப் பிணமென்று எண்ணிச் சுட்டு, கொக்கிகளால் இழுத்துப்போய் எரிக்கிறது.