உடலுக்குள் போன உலோகத்துக்குக் கணக்கு எங்கே?

துணியில் ஓர் இழை பிசகினால் போதும், அனகாபுத்தூர் நெசவாளியின் கூலியில் பிடித்தம் விழும். எந்தத் தறி, எந்தப் பாவு, யார் கை என்பதெல்லாம் கணக்கில் ஏறியிருக்கும், தப்ப வழியில்லை. ஒரு காலத்தில் அந்த ஊர்த் தறிகளிலிருந்து ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற கட்டம் போட்ட துணி கப்பலேறி நைஜீரியா வரை போயிற்று. அத்தனை தூரம் போன துணிக்கும் இங்கே கணக்கு இருந்தது.

மனிதனின் இடுப்பைப் பிளந்து உள்ளே வைத்துத் தைத்த உலோகத்துக்கு மட்டும் கணக்கு இல்லை!

2004 முதல் 2010 வரை இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் ‘ஏ.எஸ்.ஆர்.’ என்ற இடுப்பு மூட்டு பொருத்தப்பட்டது. விற்றது ஜான்சன் அண்ட் ஜான்சன் என்ற அமெரிக்கப் பகாசுரக் கம்பெனியின் கிளையான டிப்யூ. அது பழுதான சரக்கு என்று ஊரறிந்த பின், மத்திய சர்க்காரே நியமித்த நிபுணர் குழு கணக்குக் கேட்டது. ஆயிரத்துச் சொச்சம் பேரின் விவரம்தான் அகப்பட்டது. சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்பது கம்பெனிக்கும் தெரியவில்லை, சர்க்காருக்கும் தெரியவில்லை.

“இது பணக்காரர்களின் வியாதி. கைத்தறிக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் இதில் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுதும் மிதிக்கட்டையை மிதிப்பவனுக்கு இடுப்பு இரும்பால் ஆனதல்ல. இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனும் இருக்கிறது. குரோம்பேட்டையிலோ சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியிலோ போய்ப் படுக்கும் உழைப்பாளியின் உடலுக்குள்ளும் இனி ஏதோ ஒரு கம்பெனியின் சரக்குதான் போகப் போகிறது. அந்தச் சரக்கை யார் சோதித்தார்கள், கெட்டால் யார் ஜவாப்தாரி என்று கேட்க அவனுக்கு உரிமை இல்லையா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் விஞ்ஞானத்தின் விரோதிகள் அல்ல. தேய்ந்துபோன தொடை எலும்பின் தலையை அடியோடு வெட்டி எறியாமல், அதைச் செதுக்கி மேலே உலோகத் தொப்பி ஒன்றை மாட்டி, எதிரே இடுப்பெலும்புக் குழியில் உலோகக் கிண்ணம் ஒன்றைப் பதிப்பது உயர்ந்த யோசனை. பாலியத்திலேயே மூட்டுக் கெட்டவனுக்கு எலும்பு மிச்சமாகிறது. பிற்காலத்தில் இன்னொரு ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து டாக்டர் டெரெக் மக்மின் 1997-ல் வெளியிட்ட மூட்டு, தக்க ஆளுக்குத் தக்க முறையில் வைத்தால் நல்ல பலன் தந்தது. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே 2019 ஜனவரியில் இந்த மாதிரி ஆபரேஷன் செய்துகொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் ஒற்றையர் பட்டமும் வென்றார். 2006 மே மாதம் வரை அமெரிக்காவில் பர்மிங்ஹாம் மூட்டுக்கு அனுமதி இல்லாததால், அமெரிக்கர்களே விமானம் ஏறிச் சென்னைக்கு வந்து அதை வைத்துக்கொண்டு போனார்கள். நம் டாக்டர்களின் கைத்திறனுக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஆனால் இது மயிரிழை வேலை. கிண்ணத்தைச் சற்றுச் செங்குத்தாக வைத்துவிட்டால் விளிம்பில் உரசல் ஏறும். உலோகத்தோடு உலோகம் தேயும். கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் இறங்கும். மூட்டைச் சுற்றிய சதை அழுகும், கட்டி வளரும். சிறிய எலும்புள்ள பெண்களுக்கு ஆபத்து அதிகம். அதனால்தான் பர்மிங்ஹாம் மூட்டை விற்ற கம்பெனியே 2015-ல் பெண்களுக்கும் சிறிய அளவுகளுக்கும் அது வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது.

இப்போது டிப்யூவின் வேலையைப் பாருங்கள். பர்மிங்ஹாம் மூட்டுக்கு மார்க்கெட்டில் மவுசு ஏறியதும் லாபம் எதிராளிக்குப் போகிறதே என்று பொறுக்கவில்லை. 2003-ல் தன் சரக்கைக் களத்தில் இறக்கிற்று. அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. அதாவது, மயிரிழை வேலையில் இருந்த அந்த மயிரிழை இடத்தையும் குறைத்துவிட்டது! டாக்டர் கொஞ்சம் சாய்த்து வைத்தாலும் விளிம்பு உரசும். உலகமெங்கும் சுமார் 93,000 பேருக்கு அது வைக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு 2007-லேயே எச்சரித்தது. தொப்பி மாட்டும் ஏ.எஸ்.ஆருக்கு 2009 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அனுமதி மறுத்தது. மறுத்த கடிதம் பகிரங்கமாகவில்லை. அந்நிய நாடுகளில் விற்பனையும் நிற்கவில்லை. அமெரிக்கனுக்கு ஆகாதது இந்தியனுக்கு ஆகும்! 2009 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் சரக்கை வாபஸ் வாங்கினார்கள். இந்தியா உட்பட உலகம் முழுவதும் வாபஸ் என்ற அறிவிப்பு வந்தது 2010 ஆகஸ்டில். நடுவே எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் நம் நாட்டில் ஆபரேஷன் மேஜையில் படுத்தவனுக்குச் சொல்ல வேண்டிய சமாதானம் என்ன?

“நாங்களாகவே முன்வந்து வாபஸ் வாங்கினோம், உதவி எண் திறந்தோம், மறு ஆபரேஷன் செலவு கொடுத்தோம்” என்கிறது கம்பெனி. என்னே கருணை! இங்கிலாந்துப் பதிவேட்டில் ஐந்தே ஆண்டில் எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மூட்டு பழுதாகி மறு ஆபரேஷன் நடந்தது அம்பலமான பிறகு வந்த தாராள மனம் இது. 2013-ல் லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட்டில் கம்பெனியின் சொந்த ஆவணம் ஒன்று வெளிப்பட்டது: ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பழுதாகும் என்று 2011-ல் தானே மதிப்பிட்டிருந்தது. குழந்தைக்குப் பூசும் பவுடரால் நம் வீடுகளில் பெயரெடுத்த கம்பெனி இது. முதல் பொறுப்பு நோயாளிக்கும் டாக்டருக்கும், பங்குதாரர் கடைசியில்தான் என்று 1943-லிருந்து ஒரு சத்தியப் பிரமாணமும் வைத்திருக்கிறது. சத்தியம் சுவரில் தொங்கட்டும். பங்குதாரர்கள் கடைசியில் நின்ற நாள் எது என்று கேட்கிறோம்.

மறு ஆபரேஷன் செலவு கொடுத்தால் கணக்குத் தீர்ந்ததா? முதல் ஆபரேஷனுக்குப் பிறகே வாரக்கணக்கில் ஊன்றுகோல். பாரம் தூக்காமல், குதிக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செதுக்கிய எலும்பின் கழுத்து முறியும் பயம் வேறு. அரித்துப்போன சதைக்குள் கத்தியை விட்டுச் செய்யும் இரண்டாவது ஆபரேஷன் அதைவிடக் கடினம், தேறும் காலமும் நீளம். தறிக்குழியில் இறங்க முடியாத அந்த மாதங்களுக்கு யார் கூலி கொடுப்பது?

குரோமியம் என்றால் என்ன என்று அனகாபுத்தூர் சுற்றுவட்டாரத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் கம்பெனியால்தான். பம்மல், நாகல்கேணி பக்கம் தோல் பதனிட்ட கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்ததை ஆராய்ச்சிகள் பதிவு செய்திருக்கின்றன. கிணறு கெட்டபோது யாரும் பொறுப்பேற்று முன்வரவில்லை. ரத்தம் கெட்டபோதும் அதே கதைதான்.

சர்க்கார் என்ன செய்தது? இறக்குமதி லைசென்சை ரத்து செய்ய 2012 வரை ஆயிற்று. அதுவும் மகாராஷ்டிர மருந்து இலாகா போலீசில் பிராது கொடுத்துக் கிளறிய பின்! நிபுணர் குழு அமைந்தது 2017-ல், வாபஸ் அறிவிப்பு வந்து ஆறரை ஆண்டு கழித்து. குழு 2018 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை பல மாதம் அலமாரியில் தூங்கிற்று. அந்த ஆண்டு நவம்பரில் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை நஷ்டஈடு என்று சூத்திரம் போட்டார்கள். கம்பெனி டில்லி ஹைகோர்ட்டுக்கு ஓடிற்று. 2019 மே மாதம், மறு ஆபரேஷன் ஆன 67 பேருக்குத் தலைக்கு 25 லட்சம் தரச் சம்மதித்தது. 4,700 எங்கே, 67 எங்கே!

அதே கம்பெனி 2013-ல் அமெரிக்காவில் சுமார் 8,000 பேருக்கு ஏறத்தாழ 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. தலைக்குச் சராசரி இரண்டரை லட்சம் டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டும். ஒரே மூட்டு, ஒரே உலோகம், ஒரே வலி. வித்தியாசம் என்ன? அங்கே நஷ்டஈட்டுச் சட்டமும் கோர்ட்டும் கம்பெனியின் கழுத்தைப் பிடித்தன. இங்கே மருத்துவக் கருவிக்கு நஷ்டஈடு வாங்கித் தரச் சட்டத்தில் ஒரு ஷரத்து கூட இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மோசடியைப் பிடித்தது யார்? எந்தக் கம்பெனியின் சோதனைச் சாலையும் அல்ல. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பொதுநலனுக்காக நடத்தும் பதிவேடுகள்தாம் பிடித்தன. எந்த மூட்டு, யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை நாள் உழைத்தது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்கள். ஸ்வீடன் 1979-லிருந்தே இடுப்பு மூட்டுக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. பெரிய யந்திரம் வேண்டாம், ராக்கெட் வேண்டாம். நம் கைத்தறிக் கணக்குப்பிள்ளை செய்யும் வேலைதான் அது! இங்கே டாக்டர்கள் சங்கம் ஒன்று விருப்பப்பட்டவர் எழுதலாம் என்று ஒரு பதிவேடு நடத்துகிறது. 2015-ல் சர்க்கார் தொடங்கிய கருவிக் கண்காணிப்புத் திட்டமும், யாராவது முன்வந்து புகார் சொன்னால்தான் அசையும். விருப்பப்பட்டவர் எழுதும் கணக்கில் எந்த முதலாளி தன் பழுதை எழுதுவான்?

விலையின் கதை வேறு. 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கு விலை வரம்பு கட்டினார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட்-குரோமிய மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கிற்று. கம்பெனிகள் ஒன்றும் திவாலாகவில்லை. அந்த ஆணையில் இடுப்பு மூட்டு சேர்க்கப்படவில்லை. முழங்கால் ஏழைக்கும் இடுப்பு குபேரனுக்கும் சொந்தமோ? உள்நாட்டில் செய்ய முடியாது என்ற பல்லவியும் பொய். 1980களின் கடைசியிலேயே எலும்புப் புற்று நோயாளிகளுக்கு உலோக எலும்பை இங்கேயே வடிவமைத்துச் செய்து காட்டினார் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மயில்வாகனன் நடராஜன். இல்லாதது திறமை அல்ல. பொதுத்துறையில் முதல் போட மனம்தான்.

ஆகவே நாம் கோருகிறோம்: அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் வைக்கும் ஒவ்வொரு மூட்டும் சட்டப்படி பதிவாக வேண்டும். 2004 முதல் 2010 வரை ஏ.எஸ்.ஆர். வாங்கிய ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் ரிஜிஸ்தரையும் கைப்பற்றி, அந்த 3,600 பேரையும் கம்பெனியின் செலவில் தேட வேண்டும். கண்டுபிடித்தவர்களுக்கு ரத்தத்தில் கோபால்ட், குரோமிய அளவைப் பார்க்கும் பரிசோதனையைப் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் செய்ய வேண்டும். மறு ஆபரேஷன் ஆனவர், ஆகாதவர் என்று பிரிக்காமல் நஷ்டஈடு தர வேண்டும். இழந்த கூலியும் அதில் சேர வேண்டும்.

சர்க்கார் அசையும் வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். வீட்டிலோ தெருவிலோ அந்த ஆண்டுகளில் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் இருந்தால், டிஸ்சார்ஜ் காகிதத்தைத் தேடி எடுங்கள். மூட்டுப் பெட்டியின் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். கம்பெனியின் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். ஸ்டிக்கர் இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்துக் கேளுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். தொடை இடுக்கில் வலியோ வீக்கமோ, நடக்கையில் உள்ளே உரசும் சத்தமோ இருந்தால், வயதாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடாமல் எலும்பு டாக்டரிடம் அந்தக் காகிதத்தோடு போய் எக்ஸ்-ரேயும் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.