தட்டடவுக்கு வயசு ஏது?

இந்தப் பதிவு ஒரே ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. "டான்ஸா? அதெல்லாம் அஞ்சு வயசுல ஆரம்பிக்கணும்ப்பா."

என் சித்தப்பா பையன் பட்டுக்கோட்டை பக்கத்துல இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறான். பரதநாட்டியத்தோட அடிப்படையைக் கத்துக்கணும்னு அவனுக்கு ஆசை. அரங்கேற்றம் கிரங்கேற்றம் எல்லாம் இல்லை, வெறும் அடிப்படை. காலேஜ் கல்ச்சுரல் கமிட்டியில கேட்டான். டவுன்ல இருக்கற டான்ஸ் கிளாஸ்ல கேட்டான், அங்க மொத்தமும் பாவாடை சட்டை வாண்டுங்க. கடைசியா வீட்டுல கேட்டான், சிரிச்சாங்க. மூணு இடம், ஒரே வாக்கியம். (காலேஜ் பேரைக் கேக்காதீங்க. நம்ம பக்கத்துல எந்தக் காலேஜைச் சொன்னாலும் பதில் பெருசா மாறப்போறதில்லை.)

கடுப்பு ஏன்னு கேட்டா, இந்தப் பதிலைச் சொல்ற ஊர் எது பாருங்க. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். சரபோஜி மன்னர் காலத்துல தஞ்சை அரண்மனையைச் சேர்ந்த நால்வர் - சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு - அடவுகளை ஒழுங்குபடுத்தி, அலாரிப்புல தொடங்கி தில்லானாவுல முடியற வரிசையை அமைச்சது அங்கதான். நம்ம பாஷையில சொன்னா, சிலபஸ் போட்டவங்க அவங்கதான். முதல்ல தட்டடவு, அப்புறம் நாட்டடவு, எளிசுலேருந்து கஷ்டத்துக்கு, ஒவ்வொண்ணும் மூணு காலத்துல. பந்தநல்லூர், வழுவூர், திருவிடைமருதூர்னு நாட்டிய உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேரெல்லாம் காவிரி டெல்டாவுல இருக்கற ஊர்கள். அந்த டெல்டாவுலதான் ஒரு இருபது வயசுப் பையனுக்குத் தட்டடவு சொல்லிக் கொடுக்க ஒரு காலேஜ் இல்லை.

முதல்ல இந்த "அஞ்சு வயசு" எங்கேருந்து வந்ததுன்னு பார்ப்போம். அது பொய் இல்லை, வேற ஒரு கேள்விக்கான பதில். பரம்பரையா ஆடுன குடும்பங்கள்ல குழந்தைங்க நாலு அஞ்சு வயசுல ஆரம்பிச்சாங்க. பாலசரஸ்வதி 1918ல பிறந்தார், 1925ல ஏழு வயசுல காஞ்சிபுரத்துல அரங்கேற்றம். அவருக்குச் சொல்லிக் கொடுத்த கந்தப்ப பிள்ளை அந்தத் தஞ்சை நால்வர் வம்சம். தொழில்முறைக் கலைஞரா ஆக எப்ப ஆரம்பிக்கணும்னு கேட்டா அஞ்சு வயசுங்கறது நியாயமான பதில். கத்துக்கவே கூடாதான்னு கேக்கறவன்கிட்ட அதே பதிலைச் சொல்றதுதான் அநியாயம். அஞ்சு வயசுல ராக்கெட் விடலைங்கறதுக்காக யாரையும் பிசிக்ஸ் கிளாஸை விட்டு வெளிய அனுப்பறதில்லையே!

இப்ப கதையோட அடுத்த பாதி. அதே பாலசரஸ்வதி 1962லேருந்து அமெரிக்காவுக்குப் போய் கனெக்டிகட் மாநிலத்துல இருக்கற வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல நடனம் சொல்லிக் கொடுத்தார். யாருக்கு? காலேஜ் வயசு தாண்டுன அமெரிக்கர்களுக்கு. தமிழ் தெரியாது, தாளம் தெரியாது, "தெய்யா தெய்" காதுல கூட விழுந்திருக்காது. ஏழு வயசுல அரங்கேற்றம் பண்ணுன மேதை, "நீங்க அஞ்சு வயசுல வந்திருக்கணும்"னு சொல்லி அவங்களைத் திருப்பி அனுப்பலை. அவருடைய தம்பி ரங்கநாதன் அதே இடத்துல மிருதங்கம் சொல்லிக் கொடுத்தார். ஆக, தஞ்சாவூர்ல வகுத்த அடவு கனெக்டிகட் காலேஜ் வரைக்கும் போயிடுச்சு மக்களே. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கற பட்டுக்கோட்டைக்கு மட்டும் பஸ் கிடைக்கலை!

அமெரிக்காக்காரன் ஏன் சேர்த்துக்கிட்டான்? அங்க அந்தப் பழக்கம் முன்னாடியே இருந்துச்சு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல 1926லயே நடனத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு வந்துடுச்சு. கொண்டுவந்த மார்கரெட் ஹடப்ளர் மேடை ஆட்டக்காரரே இல்லை, உயிரியல் படிச்ச உடற்பயிற்சி ஆசிரியை. இன்னிக்கு அங்க பல காலேஜ்கள்ல "ஆரம்ப நிலை பாலே"ன்னு ஒரு பாடம் உண்டு. கெமிஸ்ட்ரி படிக்கறவனும் எடுக்கலாம், கம்ப்யூட்டர் படிக்கறவளும் எடுக்கலாம். முன் அனுபவம் தேவையில்லை.

அந்த கிளாஸ்ல பறக்கறது, சுத்தறது, விரல் நுனியில நிக்கறது எல்லாம் கிடையாது. சுவத்தை ஒட்டி ஒரு கம்பி, அதைப் பிடிச்சு நிக்கணும். காலை அஞ்சு விதமா வைக்கப் பழகணும். முழங்காலை வெளிப்பக்கமா மடக்கி நிமிர்றது, அதுக்குப் பேரு ப்ளியே. பாதத்தைத் தரையில தேய்ச்சபடி நீட்டி இழுக்கறது, அது தாண்ட்யூ. வாரக்கணக்கா இதேதான். கட்டை வச்ச ஷூவை முதல் வருஷத்துல தொடவே விடமாட்டாங்க, கணுக்கால்ல பலம் ஏற வருஷங்கள் ஆகும். படிக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருதா? முழங்காலை வெளிப்பக்கமா மடக்கி, முதுகை நேரா வச்சு நிக்கறது... நம்ம அரைமண்டியேதான். பாலேக்காரன் எழும்பறதுக்காக மடக்கறான், நாம மடக்கி அங்கயே குடியிருக்கோம். :-)

"எலும்பு முத்திடுச்சு, இனிமே வளையாது"ங்கறவங்களுக்கு இங்கயே பதில் சொல்லிடறேன். கால் வெளிப்பக்கம் திரும்பறது இடுப்பு மூட்டுல நடக்கற வேலை. அந்த மூட்டோட அமைப்பு ஆளுக்கு ஆள் வேற. ஒருத்தருக்கு நிறைய திரும்பும், ஒருத்தருக்குக் கொஞ்சம்தான். இடுப்பு திரும்பாம பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமா திருப்பினா முழங்கால் போயிடும். அதனால நல்ல வாத்தியார் உங்க இடுப்பு எவ்வளவு திரும்புதோ அவ்வளவுல நிறுத்துவார். முழுசா திரும்பாதவன் மேடைக்கலைஞன் ஆகறது கஷ்டம், ஒத்துக்கறேன். ஆனா தட்டடவு போட முடியாதா? தாராளமா முடியும்.

முப்பது வயசு உதாரணம் வேணுமா? ருக்மிணி தேவி 1904ல பிறந்தவர். இருபதுகள்ல ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவைச் சந்திச்ச பிறகு, பாவ்லோவா குழுவுல இருந்த கிளியோ நோர்டிகிட்ட பாலே கத்துக்கிட்டார். உங்க நாட்டு நடனத்தைப் பாருங்கன்னு பாவ்லோவா சொன்னதும் அவர் யோசனையில இருந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேட்டு, 1935 டிசம்பர்ல அடையாறுல மேடை ஏறினப்ப வயசு 31. அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா.

"அவங்க வசதியானவங்க, பின்னாடி தியாசபிகல் சொசைட்டியே இருந்துச்சு"ன்னு நீங்க சொல்லலாம். கரெக்ட். நானும் அதையேதான் சொல்ல வர்றேன். அடையாறு பின்னாடி இருந்தா 31 வயசு லேட் இல்லை. ஒரத்தநாடு பக்கத்துலேருந்து டவுன் பஸ்ல வர்ற பையனுக்கு 20 வயசே லேட். அப்ப பிரச்சினை எலும்புல இல்லை சாமி, யார் பின்னாடி என்ன இருக்குங்கறதுல. அடையாறு இல்லாதவனுக்குப் பின்னாடி நிக்கத்தான் காலேஜ்னு ஒண்ணு இருக்கணும்.

வயசு போச்சு, அடுத்தது "ஆம்பளைப் பையனுக்கு எதுக்கு?" இதுக்கு நான் ரொம்ப எழுதப் போறதில்லை. நால்வரும் ஆம்பளைங்க. தட்டுக்கழியைப் பிடிச்சு தலைமுறை தலைமுறையா சொல்லிக் கொடுத்த நட்டுவனார்களும் பெரும்பாலும் ஆம்பளைங்கதான். தஞ்சாவூர் பக்கம் மெலட்டூர்ல பாகவத மேளத்துல பொம்பளை வேஷம் கட்டறதும் ஆண்கள்தான். பாலே பக்கம் போனா, பிரான்ஸ் மன்னன் பதினாலாம் லூயி 1653ல பதினாலு வயசுல சூரியனா வேஷம் கட்டி ஆடினான், 1661ல நடனத்துக்குன்னு ஒரு அகாடமியே ஆரம்பிச்சான். இதையெல்லாம் விடுங்க, மதுரைக்காரர் நர்த்தகி நடராஜ் சின்னக் குழந்தையா இல்லாத வயசுல தஞ்சாவூர் வந்து, நால்வர் வம்சத்து கிட்டப்பா பிள்ளைகிட்ட வருஷக்கணக்கா படிச்சார். அந்தத் திருநங்கைக்கு 2019ல பத்மஸ்ரீ. கிட்டப்பா பிள்ளை திறந்த கதவை நம்ம கல்ச்சுரல் கமிட்டி பூட்டி வச்சிருக்கு.

"தெய்வீகக் கலைங்க, காலேஜ் பசங்க பொழுதுபோக்குக்கு ஆடறதா?"ன்னு ஒரு கோஷ்டி வரும். அவங்ககிட்ட ஒரே கேள்வி. 1947ல தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. பொட்டு கட்டறதை நிறுத்தணும்ங்கறதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அதே காலத்துல, தலைமுறையா ஆடிட்டு வந்த குடும்பத்துப் பொண்ணுங்க கூச்சப்பட்டு சலங்கையை மூட்டை கட்டினாங்க, சபா மேடையில வேற வீட்டுப் பொண்ணுங்க ஏறினாங்க. அன்னிக்கு புனிதம்ங்கற வார்த்தை யாரை உள்ள விட்டுச்சு, யாரை வெளிய தள்ளுச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கும் அதே வேலையைத்தான் அந்த வார்த்தை பார்க்குது.

அடுத்து, "எங்க காலேஜ்லதான் வருஷா வருஷம் டான்ஸ் நடக்குதே!" நடக்குது. ஆண்டுவிழாவுக்கு மூணு வாரம் முன்னாடி ஹிட் பாட்டு நாலை வெட்டி ஒட்டி, ஏற்கெனவே ஆடத் தெரிஞ்ச எட்டு பேரைப் பொறுக்கி, யூட்யூப் பார்த்து ஸ்டெப் போடறது. மீதி ஆயிரம் பேர் விசில். சினிமா டான்ஸை நான் மட்டம் தட்டலை, எனக்கும் பிடிக்கும். ஆனா அது தெரிஞ்சவனைக் காட்டற ஏற்பாடு, தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கற ஏற்பாடு இல்லை. மேட்ச் நடத்தறோம், நெட் பிராக்டிஸ் கிடையாதுங்கற மாதிரி.

இதைவிடப் பெரிய காமெடி ஒண்ணு இருக்கு. அண்ணா பல்கலைக்கழகம் 2022லேருந்து முதலாமாண்டு இன்ஜினியரிங் பசங்களுக்கு "தமிழர் மரபு"ன்னு ஒரு பாடம் வச்சிருக்கு. வரவேற்கிறேன், நல்ல விஷயம். அதுல ஒரு அலகு முழுக்க தெருக்கூத்து, கரகாட்டம், வில்லுப்பாட்டு, ஒயிலாட்டம், சிலம்பாட்டம். பையன் என்ன பண்றான்? "ஒயிலாட்டம் - குறிப்பு வரைக"ன்னு பரீட்சை எழுதறான். ஒரு அடி கூட எடுத்து வைக்காம பாஸ் ஆகறான். நீச்சலைப் பத்திக் கட்டுரை எழுதி நீச்சல் சர்ட்டிபிகேட் வாங்கற கதை. தஞ்சாவூர்ப் பக்கம் கரகமும் பொய்க்கால் குதிரையும் ஆடறவங்க இன்னும் இருக்காங்க. திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலயும், திருச்சி கலைக்காவிரியிலயும் பரதம் படிச்சு முடிச்சவங்க வேலை தேடறாங்க. அவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் சம்பளம் கொடுத்து சொல்லிக் கொடுக்கச் சொன்னா என்ன குறைஞ்சுடும்?

பொட்டி தட்டறவன் பார்வையில ஒண்ணு சொல்றேன். போன வருஷத்துலேருந்து சென்னையில பெரியவங்களுக்கான வாரக்கடைசி கிளாஸுக்குப் போறேன். ஒரே அடவை முதல் காலத்துல போட்டா எல்லாம் சரியா வர்ற மாதிரி இருக்கும். ரெண்டாம் காலம் ரெட்டிப்பு வேகம், மூணாம் காலம் அதுக்கும் ரெட்டிப்பு. அப்பதான் எந்தக் குதிகால் லேட், எந்தக் கை சும்மா தொங்குதுன்னு தெரியும். ஆபீஸ்ல லோடு டெஸ்டிங்னு வாரக்கணக்கா நாங்க ஆணி புடுங்கறதைத்தான் தட்டுக்கழி நாலு நிமிஷத்துல பண்ணுது. நாள் பூரா கழுத்தைக் குனிஞ்சு உக்காரப் போற தலைமுறைக்கு, முதுகை நேரா வச்சு நிக்கறது எப்படின்னு ஒரு பாடம் இருந்தா பிளேஸ்மென்ட் ஒண்ணும் கெட்டுடாது.

கேக்கறது இவ்வளவுதான்:

1. வாரம் ரெண்டு மணி நேரம், ஒரு கிரெடிட். பரதமோ, கரகமோ, ஒயிலாட்டமோ, எதுவா இருந்தாலும் முதல் பாடத்துலேருந்து.
2. முன் அனுபவம் இல்லாதவங்களுக்கு முன்னுரிமை. ஆடத் தெரிஞ்சவங்களுக்கு ஏற்கெனவே ஆண்டுவிழா இருக்கு.
3. முதல் வருஷம் மேடையே கிடையாது. போட்டி, கோப்பை, பேனர் எதுவும் வேண்டாம்.
4. சொல்லிக் கொடுக்கறவருக்கு மத்த விரிவுரையாளர் மாதிரி முறையான சம்பளம். பொன்னாடை போர்த்தி அனுப்பற வேலை கூடாது.
5. வெறும் சிமெண்ட் தரையில குதிக்க விடாதீங்க. மரப்பலகை போட்ட ஒரு அறை.

ஒரு செமினார் ஹாலுக்கு ஏசி மாட்டற காசுல அஞ்சாவது முடிஞ்சுடும். மீதி நாலுக்கும் மனசு போதும். அப்புறம், வெஸ்லியன்ல பாலசரஸ்வதிகிட்ட படிச்சவங்க எல்லாரும் பெரிய நர்த்தகி ஆனாங்களா, இல்லையேன்னு யாராவது கேட்டா... கணக்கு படிச்ச எல்லாரும் ராமானுஜன் ஆகலை. அதுக்காகக் கணக்கு வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பலையே?

டிஸ்கி 1: தம்பி இப்ப ஞாயித்துக்கிழமை விடியக்காலை பஸ் பிடிச்சு தஞ்சாவூர் போய்க் கத்துக்கறான். போக வர நூறு கிலோமீட்டர். ஆசை இருக்கறவன் போவான்னு சொல்லிடாதீங்க, பஸ் காசு இல்லாதவனுக்கும் ஆசை வரும்.

டிஸ்கி 2: காலேஜ்ல வேலை பார்க்கற பதிவர்கள் ரெண்டு மூணு பேர் இங்க வந்து போறீங்கன்னு தெரியும். உங்க காலேஜ்ல இப்படி ஒரு கிளாஸ் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சந்தோஷமா தனிப்பதிவே போடறேன். இல்லைன்னா ஏன் இல்லைன்னு சொல்லுங்க. அஞ்சு வயசுக் காரணம் மட்டும் வேண்டாம்.