குதிரை உடைத்ததற்கு யார் கொடுப்பது காசு?

மெரினா சவாரிக் குதிரை ஒன்று மிரண்டு தெருவுக்குள் ஓடி வருகிறது என்று வையுங்கள். என்ன ஆகும்? குதிரைக்கு ஒன்றும் ஆகாது. குதிரைக்காரருக்கும் ஒன்றும் ஆகாது. வழியில் கடை போட்டிருந்தவர்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டும்!

கதை அளக்கவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணி பக்கம் ஒரு பழவண்டிக்காரர். ஐம்பது வயசைத் தாண்டியவர். விடியற்காலை கோயம்பேடு போய்ச் சரக்கு எடுத்து வந்து, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிறவர்களுக்கு விற்கிறவர். தண்டல்காரரிடம் வாங்கிய பணம்தான் முதல். அன்றைக்குக் குதிரையைப் பிடித்து வந்த பையன், டீ குடிக்கப் போன இடத்தில் அதைக் கட்டாமல் விட்டுவிட்டான். பஸ்காரர் ஒரு ஹாரன் அடித்தார். அவ்வளவுதான். குதிரை நேராக வண்டி மேல் பாய்ந்தது. சக்கரம் கோணல். எடை மிஷின் சுக்குநூறு. மாதுளையும் ஆப்பிளும் சாக்கடையில். சுமார் ஐயாயிரம் ரூபாய் அவுட்!

பையன் பின்னால் ஓடி வந்தான். பதினெட்டு வயசு இருந்தால் அதிகம்.

"வாயில்லா ஜீவன் அண்ணே... அதுக்கு என்ன தெரியும்?"

"அதுக்குத் தெரியாது தம்பி. கட்டிப் போடணும்னு உனக்குத் தெரியாதா?"

"குதிரை என்னுது இல்லண்ணே. ஓனர் வேற. நான் கூலிக்குப் புடிச்சிட்டுப் போறவன்."

ஓனர் யார்? எங்கே இருக்கிறார்? "அவரு எப்பவாச்சும் வருவாரு" என்றான். கூட்டம் சேருவதற்குள் குதிரையையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பெரியவரோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர் கெட்டவரும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "குதிரை மேல எப்படிய்யா எப்.ஐ.ஆர். போடறது? இது சிவில் மேட்டர். கோர்ட்டுக்குப் போ."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

போலீஸ் சொன்னது பாதி சரி

அன்றிலிருந்து இந்த விவகாரத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்த வக்கீல்களைத் தொல்லை பண்ணியிருக்கிறேன். தோண்டத் தோண்ட வேடிக்கையாக இருக்கிறது.

விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருப்பது கிரிமினல் குற்றம்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 291-வது பிரிவு. ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதில் எழுதியிருப்பது என்ன? மனித உயிருக்கு ஆபத்து, அல்லது கொடுங்காயம் வரக்கூடிய ஆபத்து. பழவண்டி என்ற பேச்சே அதில் இல்லை!

ஆள் மேல் பாயக்கூடிய குதிரையைக் கட்டாமல் விட்டதே ஆபத்துதானே, அதை வைத்து வழக்குப் போடலாமே என்று கேட்கலாம். போடலாம். கூட்டமான தெருவில் கட்டாத குதிரை யாரையாவது மிதிக்காது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அப்படி வழக்குப் போட்டுத் தண்டனையும் கிடைத்தால், கட்டுகிற அபராதத்திலிருந்து நஷ்டப்பட்டவருக்கு ஒரு பங்கு கொடுக்கச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஸ்டேஷன் வாசலிலேயே 'சிவில்' என்று சொல்லி அனுப்பிவிட்டால் மாஜிஸ்திரேட் வரைக்கும் போவது எப்படி?

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கோபத்தில் பெரியவர் ஒரு கட்டையை எடுத்துக் குதிரையின் காலை உடைத்திருந்தால்? அதே சட்டத்தில் 325-வது பிரிவு. ஐந்து வருஷம் வரை உள்ளே போகலாம். வாயில்லா ஜீவனை அடிக்கக் கூடாது, சரிதான். நான் அதைக் குறை சொல்லவில்லை. குதிரையின் காலுக்குப் பிரிவு இருக்கிற ஊரில் வண்டியின் சக்கரத்துக்கும் ஒரு வழி இருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

அபராதம் யாருக்குப் போகிறது?

மாநகராட்சி அபராதம் போடுகிறதே என்பார்கள். போடுகிறது. தெருவில் திரியும் மாட்டைப் பிடித்தால் முதல் தடவை 10,000 ரூபாய், அடுத்த தடவை 15,000 ரூபாய் என்று சென்னை மாநகராட்சி 2024-ல் உயர்த்தியது. நல்ல காரியம்.

ஆனால் அந்தப் பத்தாயிரம் எங்கே போகிறது? மாநகராட்சிக் கஜானாவுக்கு. மாடு மேய்ந்த கீரைக்கடை அம்மாவுக்கு அதில் பத்து பைசா உண்டா? கிடையாது. அபராதம் வேறு, நஷ்டஈடு வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான், "அதான் பைன் போட்டாச்சே" என்று எல்லோரும் கையைக் கழுவிவிடுகிறார்கள்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. வெள்ளைக்காரன் காலத்து 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதில் கால்நடை என்றால் ஆடு மாடு மட்டும் அல்ல. யானை, ஒட்டகம், குதிரை, மட்டக்குதிரை, கழுதை, பன்றி எல்லாமே கால்நடைதான். உங்கள் நிலத்தில் புகுந்து பயிரை நாசம் பண்ணினால் நீங்களே பிடிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் அடைக்க வேண்டும். கிராமத்தில் பட்டி என்பார்களே, அதுதான். ஓனர் வந்து அபராதமும் தீனிச் செலவும் கட்டி ஓட்டிப் போக வேண்டும். ஏழு நாளில் யாரும் வராவிட்டால் நோட்டீஸ் கொடுத்து ஏலம்.

இதுவரை சரி. பயிர் போனவனுக்கு என்ன? தனியாகக் கோர்ட்டில் கேஸ் போட்டு நஷ்டஈடு கேட்டுக்கொள்ள இந்தச் சட்டம் தடை இல்லை, அவ்வளவுதான்! ஆனால் மாட்டை அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள் என்று மாட்டுக்காரன் நினைத்தால், பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்து 100 ரூபாய் வரை நஷ்டஈடு வாங்கலாம் என்று எழுதி வைத்தார்கள். 1871-ல் நூறு ரூபாய் என்றால் என்ன மதிப்பு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மாட்டுக்காரனுக்கு மாஜிஸ்திரேட், பயிர்க்காரனுக்கு வாய்தா!

இன்னொரு கூத்தும் இருக்கிறது. பிரசிடென்சி டவுன்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று முதல் பிரிவிலேயே போட்டிருக்கிறது. பிரசிடென்சி டவுன் என்றால் அன்றைய கல்கத்தா, பம்பாய், நம்ம மெட்ராஸ். ஆக, ஊட்டியில் கேரட் தோட்டத்துக்குள் குதிரை புகுந்தால் தோட்டக்காரர் பிடித்துப் பவுண்டுக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு. திருவல்லிக்கேணிக்காரருக்கு அதுவும் இல்லை.

இரும்புக் கடைக்குள் காளை

சரி, கோர்ட்டுக்கே போனால்? இந்த விஷயத்துக்கென்று நம் நாட்டில் தனியாக ஒரு நஷ்டஈட்டுச் சட்டம் கிடையாது. பழைய இங்கிலீஷ் தீர்ப்புகளைத்தான் வக்கீல்கள் புரட்டுகிறார்கள். கடைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

1874-ல் ஒரு வழக்கு. ஒருவருடைய குதிரை, வேலிக் கம்பி வழியாகப் பக்கத்து நிலத்துப் பெண் குதிரையைக் கடித்து உதைத்துவிட்டது. குதிரை நின்றது தன் இடத்தில்தான். வாயும் காலும் மட்டும் வேலியைத் தாண்டின. அதுவே அத்துமீறல், ஓனர் காசு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. கவனக்குறைவா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம். அடுத்தவன் இடத்துக்குள் புகுந்தால் ஓனர் பொறுப்பு.

1882-ல் இன்னொன்று. ஸ்டாம்போர்டு என்ற ஊரில் தெரு வழியாக ஓட்டிப்போன காளை ஒன்று, திறந்திருந்த இரும்புச் சாமான் கடைக்குள் நுழைந்துவிட்டது. வெளியே கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆச்சாம். கடைக்காரர் கேஸ் போட்டார், தோற்றார்! ஒழுங்காகத்தான் ஓட்டி வந்தார்கள், பொதுத் தெருவில் அதற்கு உரிமை உண்டு, தெரு ஓரம் கடை வைத்தவர் இந்த மாதிரி ரிஸ்க்கைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, தெருவில் நடந்தால் அஜாக்கிரதையை நிரூபிக்க வேண்டும். நம்ம பெரியவர் விஷயத்தில் அது கஷ்டம் இல்லை. குதிரையைக் கட்டாமல் டீக்கடைக்குப் போனதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். கூலிக்கார பையன் செய்த தப்புக்கு, வேலைக்கு வைத்த ஓனர்தான் பதில் சொல்ல வேண்டும். சட்டம் பெரியவர் பக்கம்தான் என்று நான் பேசிய வக்கீல்கள் எல்லோரும் சொன்னார்கள்.

இங்கிலாந்துக்காரன் அந்தப் பழைய தீர்ப்புகளோடு நின்றுவிடவில்லை. 1971-ல் விலங்குகள் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தான். 1996-ல் டெவன் பக்கம் ராத்திரியில் எதற்கோ மிரண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடிய குதிரை, ரோட்டில் வந்த கார் மேல் மோதியது. கார்காரருக்குப் பலத்த அடி. ஓனர் மேல் தப்பே இல்லை. ஆனாலும் அவர்தான் கொடுக்க வேண்டும் என்று 2003-ல் பிரபுக்கள் சபையில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் சொன்னார்கள். மிரண்டால் குதிரை இப்படித்தான் ஓடும், அது உனக்குத் தெரியும், தெரிந்துதானே வைத்திருக்கிறாய் என்பது அவர்கள் வாதம்.

"எங்க குதிரை பழக்கின குதிரை சார்" என்று கடற்கரையில் சொல்வார்கள். 2024 ஏப்ரல் 24-ந்தேதி லண்டனில் என்ன நடந்தது? ராணுவக் குதிரைகள். ராஜா ஊர்வலத்துக்கே போகிறவை. கட்டட வேலை நடந்த இடத்தில் கல்லும் மண்ணும் கொட்டிய சத்தத்தில் மிரண்டு ஓடி, மாடி பஸ் கண்ணாடியையும் ஒரு டாக்சியையும் உடைத்துவிட்டன. அதற்குக் கிடைத்த பழக்கம் நம்ம ஊர்க் குதிரைக்கு எங்கே கிடைக்கப் போகிறது? கல்யாண ஊர்வலத்தில் காதுக்குப் பக்கத்திலேயே பத்தாயிரம் வாலா கொளுத்துகிறோம்!

நம்பர் எங்கே?

குதிரைக்காரர்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. நானும் மெரினாவில் குதிரை ஏறியவன்தான். அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டார். மழைக்காலத்தில் சவாரி இல்லாமல் கொள்ளுக்குக் கடன் வாங்குகிறவர்களையும் எனக்குத் தெரியும். பழவண்டிக்காரரும் ஏழை, குதிரைப் பையனும் ஏழை. அதனால்தான் இது பஞ்சாயத்தில் தீராமல் நிற்கிறது. ஏழை கையிலிருந்து ஏழை எதைப் பிடுங்குவது?

டி.வி.எஸ். ஐம்பது வண்டிக்குக்கூட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கிறது. அதைவிடப் பல மடங்கு எடையுள்ள குதிரைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. குதிரை செத்தால் ஓனருக்குப் பணம் வருகிற இன்சூரன்ஸ் இருக்கிறது. குதிரை உடைத்த சாமானுக்கு? சவாரிக் கட்டணத்தில் தலைக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால்கூடப் பொதுவாக ஒரு நிதி சேர்ந்துவிடும். பையனும் தப்பிப்பான், பெரியவரும் தப்பிப்பார்.

அதற்கு முன்னால் இன்னொன்று வேண்டும். அந்தக் காலத்து ஜட்கா வண்டிக்கு லைசென்ஸ் இருந்தது, நம்பர் இருந்தது. வண்டிக்காரன் தகராறு பண்ணினால் நம்பரைக் குறித்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவுக்குள் பாய்ந்த குதிரையின் சேணத்தில் ரோஜாப் பூ மாலை இருந்தது, ஜிகினா இருந்தது. நம்பர் இல்லை. எல்லாச் சவாரிக் குதிரைக்கும் சேணத்தில் நம்பரும் ஓனர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட மாநகராட்சிக்குப் பெரிய செலவு ஆகுமா? ஒரு தகடு, ஒரு டப்பா பெயின்ட்.

நஷ்டப்பட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்ததை எடுத்து அடுக்குவதற்கு முன்னால் செல்போனில் போட்டோ எடுங்கள். குதிரையையும் சேர்த்து எடுங்கள். பார்த்தவர்கள் பெயர், நம்பர் வாங்குங்கள். ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் மனு கொடுத்து ரசீது கேளுங்கள். கேஸ் போட மூன்று வருஷம் டயம் இருக்கிறது. கோர்ட் கட்டணத்தை 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு 150 ரூபாய்தான். ஆனால் வக்கீல் பீஸும் வாய்தாவுக்குப் போகிற நாள் கூலியும் தாங்காது. அதைவிட, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் லோக் அதாலத்தில் மனு போடலாம். கட்டணம் இல்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் அங்கே எழுதுவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

பெரியவருக்கு அந்த மனுவை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். தேதி, இடம், உடைந்த சாமான், சாட்சி நாலு பேர் எல்லாம் பக்காவாக எழுதியாச்சு. எதிர்மனுதாரர் பெயர், விலாசம் என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. குதிரை தினமும் சாயங்காலம் அதே வழியாகத்தான் போகிறது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பெரியவருக்கு நன்றாகவே அடையாளம் தெரியும்.