‘ராஜா ஹிட்ஸ்’ ஃபோல்டருக்குள்ள அமரனுக்கு என்ன வேலை?

ஈச்சிலம்பற்றில இருந்து வந்தாறுமூலைக்குப் போற பஸ்ஸில என்னென்ன பாட்டுப் போகும் என்டு எனக்கு வரிசையாப் பாடம். வெருகல் பாலம் தாண்டும்போது ஒன்று, வாகரை வரும்போது இன்னொன்று. போன முறை ‘நீலவான ஓடையில்’ போனது. ட்ரைவருக்கு மேல இருக்கிற சின்னத் திரையில ஃபோல்டரின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது: ‘ராஜா ஹிட்ஸ் 80ஸ்’.

பக்கத்தில இருந்த நண்பனிட்டச் சொன்னேன், “இது ராஜா இல்ல மச்சான், கங்கை அமரன்.”

“சும்மா கதை விடாத.”

ஃபோனில தேடிப் பார்த்தான். 1982, ‘வாழ்வே மாயம்’, இசை கங்கை அமரன். பார்த்துவிட்டு ஃபோனைப் பொக்கற்றுக்குள்ள வைத்தான். பிறகு சொன்னான், “அப்ப ராஜா போட்டுக் குடுத்திருப்பார்.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்கான பதில். பஸ்ஸில சண்டை பிடிக்க ஏலாது, அதனால இங்க.

அந்த வசனத்தைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. பாட்டு நல்லா இருந்தால் அது அண்ணன் போட்டுக் குடுத்தது. நல்லா இல்லாட்டி அது தம்பியின் சொந்தச் சரக்கு. இந்தக் கணக்கில ஒரு மனிதன் எப்படித்தான் வெல்லுறது? ஆதாரம் என்டு கேட்டால் ஒருத்தரிட்டயும் ஒன்றும் இல்லை. “அந்த சவுண்டு ராஜா சவுண்டு மாதிரி இருக்குதே” என்பார்கள். இருக்காதா பின்ன? ஒரே வீடு, ஒரே ஊர், ஒரே மேடை. பண்ணைப்புரத்தில மூத்த அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில பாட, தம்பிமார் மூன்று பேரும் கூடப் போய் வாசித்து வளர்ந்தவர்கள். அதில கடைசித் தம்பி அமர். கையில கிட்டார். ‘அன்னக்கிளி’ 1976இல வந்து அண்ணன் இளையராஜா ஆனபோது, அந்தக் குழுவுக்குள்ள கிட்டாரோட இருந்தவர் இவர். அண்ணனின் சத்தம் எப்படி உருவானது என்டு உள்ளே இருந்து கேட்ட ஒருவரின் பாட்டில அந்தச் சத்தத்தின் வாசம் வராமல் வேற என்ன வரும்? அதைத் திருட்டு என்டோ தானம் என்டோ சொல்லுறது வளர்ப்பு என்டால் என்னவென்டு தெரியாத கதை.

சரி, பாடலாசிரியராக எடுத்துக்கொள்ளுவோம்.

1977, ‘16 வயதினிலே’. ‘செந்தூரப்பூவே’ பாட்டு எஸ். ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. மெட்டு இளையராஜா, வரிகள் கங்கை அமரன். இதில எனக்குப் பிடித்த விசயம் ஒன்று இருக்கிறது. செந்தூரப்பூ என்டு ஒரு பூ கிடையாது. அது தான் கற்பனையில உண்டாக்கிய பூ என்டு அவரே சொல்லியிருக்கிறார். மெட்டுக்குச் சொல் தேவைப்பட்டது, சொல் இல்லை, அதனால ஒரு பூவையே முளைக்க வைத்துவிட்டார். பதினொரு வருசம் கழித்து, 1988இல, விஜயகாந்த் நடித்த படம் ஒன்றுக்கே ‘செந்தூரப்பூவே’ என்டு பெயர் வைத்தார்கள். இல்லாத பூவுக்கு இவ்வளவு வாழ்வு. கவிஞர் என்ற பட்டத்தோட வந்த ஒருவர் இதைச் செய்திருந்தால் நாங்கள் கலைப்பீடத்தில செமினார் வைத்திருப்போம். செய்தவர் மேடையில பகிடி விடுகிற மனிதர் என்டபடியால யாரும் கணக்கில எடுக்கவில்லை.

அடுத்தது 1980, ‘மூடுபனி’. ‘என் இனிய பொன் நிலாவே’. தமிழ் பேசுற எந்த ஊரிலயும் கிட்டார் வாங்குற பெடியன் முதல் மாசத்திலயே வாசித்துப் பார்க்கிற பாட்டு. எங்கட கெம்பஸ் ஹொஸ்டலிலயும் அதுதான், சுருதி சேராத கிட்டாரில, இரவு பதினொரு மணிக்கு. படத்தை எடுத்தவர் பாலு மகேந்திரா, மட்டக்களப்பு அமிர்தகழியில பிறந்தவர், எங்கட கிழக்கு மாகாணத்துப் பிள்ளை. திரையில கிட்டாரோட இருக்கிறவர் பிரதாப் போத்தன். பாடியவர் ஜேசுதாஸ். மெட்டு ராஜா. இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். எழுதியவர் யார் என்டு கேட்டுப் பாருங்க. வைரமுத்து என்பார்கள், வாலி என்பார்கள், ஒருத்தன் கண்ணதாசன் என்டும் சொன்னான். கங்கை அமரன்.

கிட்டார் பாட்டுக்கு வரி எழுதியவர் ஒரு கிட்டார்க்காரன் என்பது எனக்குத் தற்செயலாத் தெரியல. தமிழ் சினிமாவில பெரும்பாலும் மெட்டு முதல், சொல் பிறகு. சொல் எழுதுறவர் குறில் நெடில் பார்த்து மெட்டுக்குள்ள சொல்லை இருத்த வேணும். வாத்தியம் வாசிக்கிறவருக்கு எந்த இடத்தில சுரம் நீண்டு நிற்கும் என்டு கை விரலிலயே தெரியும். அந்தத் தலைப்பையே ஒரு தடவை மெட்டோட முணுமுணுத்துப் பாருங்க. ‘நிலா’ என்ற சொல்லின் நெடில் பாடகருக்கு வாய் திறந்து நிற்க இடம் குடுக்குது. கனமான சொல் ஒன்றுமில்லை. தன்னைக் காட்டாத எழுத்து அது. தன்னைக் காட்டாததாலதான் எழுதியவரையும் நாங்கள் மறந்தோம்.

இப்ப இசையமைப்பாளர் கங்கை அமரன். மேற்கில இதைத்தான் ப்ரொடியூசர் என்பார்கள்: எந்த வாத்தியம் எங்க வரணும், எந்தக் குரல் வேணும், பாட்டு முடிவில எப்படிக் கேட்கணும் என்டு தீர்மானிக்கிற ஆள். 1979இல பாக்யராஜ் முதன்முதலா இயக்கிய படம் ‘சுவரில்லாத சித்திரங்கள்’. பாக்யராஜ் பாரதிராஜாவிடம் இருந்து வந்தவர், ராஜாவின் இசை என்ன செய்யும் என்டு பக்கத்தில நின்று பார்த்தவர். அவருடைய முதல் படத்தின் இசை கங்கை அமரன். ‘காதல் வைபோகமே’ அந்தப் படம்தான். மலேசியா வாசுதேவனும் ஜானகியும். இன்றைக்கும் எங்கட பக்கத்துக் கலியாண வீடியோக்களில அந்தப் பாட்டு இல்லாமல் பொம்பிளை மாப்பிள்ளை கோவிலை விட்டு வெளியில வர மாட்டார்கள். 1981இல ‘மௌன கீதங்கள்’, திரும்பவும் பாக்யராஜ், திரும்பவும் கங்கை அமரன். ‘மூக்குத்திப்பூ மேலே’ கேட்டுப் பாருங்க. முதல் படத்தில தம்பி என்டதுக்காக ஒரு வாய்ப்புக் கிடைக்கலாம். இரண்டாவது படத்துக்குத் திரும்ப வந்து கதவைத் தட்டுறவன் வேலையைப் பார்த்துத்தான் தட்டுவான்.

‘வாழ்வே மாயம்’ விசயத்தில நான் நேர்மையா இருக்க வேணும். அது ‘பிரேமாபிஷேகம்’ என்ற தெலுங்குப் படத்தின் மறு ஆக்கம். தெலுங்கில இசை சக்கரவர்த்தி. ‘வந்தனம்’ மாதிரிப் பாட்டுகளில தெலுங்கின் சாயல் இருக்கிறது, அதை அமரனின் கணக்கில போட நான் வரவில்லை. ஆனால் ‘மழைக்கால மேகம் ஒன்று’ பாட்டில எஸ்.பி.பியும் வாணி ஜெயராமும் ஒருவருக்கொருவர் இடம் விட்டுப் பாடுறதைக் கேளுங்க. தலைப்புப் பாட்டை எஸ்.பி.பிக்குக் குடுக்காமல் ஜேசுதாஸின் குரலில வைத்ததைக் கேளுங்க. சாகப்போற ஒருவனின் பாட்டுக்கு அந்தக் கனம் வேணும் என்ட தீர்மானம் அது. அதுதான் ப்ரொடியூசரின் காது.

இந்த இடத்தில எனக்கு ஜோர்ஜ் ஹரிசன் ஞாபகம் வருகிறார். பீட்டில்ஸின் கிட்டார்க்காரர். லெனன், மக்கார்ட்னி என்ற இரண்டு மலைகளுக்கு நடுவில நின்ற ஆள். ஒரு ஆல்பத்துக்கு ஒன்று இரண்டு பாட்டுத்தான் அவருக்கு இடம். 1969இல ‘சம்திங்’ எழுதினார். பிராங்க் சினாட்ரா அதை உலகத்திலயே சிறந்த காதல் பாட்டு என்டு புகழ்ந்து, லெனன் மக்கார்ட்னி பாட்டு என்டு மேடையில அறிமுகப்படுத்தினார் என்டு ஒரு கதை பிரபலம். எங்கட பஸ் ட்ரைவரும் சினாட்ராவும் ஒரே பிழையைத்தான் விட்டிருக்கிறார்கள். 1970இல குழு உடைஞ்ச உடனே ஹரிசன் தேக்கி வைத்திருந்த பாட்டுகளை மூன்று இசைத்தட்டாக் கொட்டினார். பிறகு மற்றவர்களின் இசைக்குப் பின்னால நின்று வேலை செய்தார். 1974இல ரவிசங்கர் தலைமையில இந்திய இசைக்குழு ஒன்றைச் சேர்த்து மேற்கில மேடையேற்றினார். அதில வயலின் வாசித்தவர்களில ஒருவர் எல். சுப்பிரமணியம், சின்ன வயதில யாழ்ப்பாணத்தில வளர்ந்தவர்.

ஹரிசனுக்கு இன்று நியாயம் கிடைத்துவிட்டது. புத்தகம் வந்தது, ஆவணப்படம் வந்தது. ஏனென்டால் அங்க ஆட்கள் இருந்து எழுதினார்கள். எங்கட பக்கம் ரசிகர்கள் சண்டை பிடிக்கிறதோட சரி. ராஜாவா ரகுமானா என்டு வருசக்கணக்கா அடிபடுவோம், மூன்றாவது பெயர் ஒன்று வந்தால் சிரிப்போம்.

எதிர்ப்பக்கம் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். கங்கை அமரன் இசையமைத்த எல்லாம் பொன் இல்லை. ஞாபகத்தில நிற்காத படங்கள் நிறைய. அண்மையில 2024இல ‘கோட்’ படத்துக்கு அவர் எழுதிய ‘ஸ்பார்க்’ பாட்டை வைத்து இணையத்தில எவ்வளவு மீம் வந்தது என்டு உங்களுக்கே தெரியும். ஆனால் 2011இல ‘விளையாடு மங்காத்தா’வுக்கு ஆடின அதே ஆட்கள்தான் மீம் போட்டவர்கள், அதை எழுதியவரும் இவர்தான் என்டு தெரியாமல். அவருடைய அரசியலும் எனக்கு ஒத்துவராது. 2017இல ஆர்.கே. நகரில பா.ஜ.க. வேட்பாளரா நின்றவர். சிவப்புக் கொடி மேடையில வளர்ந்த குடும்பத்தில இருந்து அங்க போனது எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் அதற்காக 1979இல போட்ட மெட்டை அண்ணனின் பெயருக்கு மாற்றி எழுத ஏலாது.

அவரும் தன்னைத்தானே குறைச்சுத்தான் காட்டுவார். மேடை ஏறினால் பகிடி. நாங்கள் பகிடி விடுறவனை அறிவாளியா மதிக்கிற சமூகம் இல்லை. ‘கரகாட்டக்காரன்’ படத்தை எல்லாரும் வாழைப்பழப் பகிடிக்காக ஞாபகம் வைத்திருக்கிறோம். 1989இல வந்து மதுரையில ஒரு வருசத்துக்கு மேல ஓடின படம். இயக்கியவர் கங்கை அமரன். ‘மாங்குயிலே பூங்குயிலே’ எழுதியவரும் அவர்தான். பாட்டு எப்படிப் பிறக்குது என்டு தெரிந்த ஒருவன் இயக்கியபடியாலதான் அந்தப் படத்தில கதையைப் பாட்டே இழுத்துக்கொண்டு போகுது.

இது ஒரு பிரபலத்தின் பிரச்சினை, எங்களுக்கென்ன என்டு கேட்கலாம். எங்கட திருகோணமலைக்கே வாங்க. எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ் என்டு இரண்டு சகோதரர்கள். இந்த நகரத்தில இருந்து மெல்லிசை போட்டவர்கள். பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ இசைத்தட்டா வந்த பாட்டு. எனக்குத் தெரியாது. போன வருசம் வரைக்கும் அந்தப் பெயரையே நான் கேட்டதில்லை. என்ட வகுப்பில கேட்டேன், ஒரு கை கூட உயரல. பண்ணைப்புரத்துத் தம்பிக்காவது அண்ணனின் நிழல் மறைச்சது என்டு ஒரு சாட்டு இருக்கு. எங்கட ஆட்களை மறைச்சது ஒரு நிழலும் இல்லை, எங்கட சோம்பல்.

இப்பவும் அதுதான் நடக்குது. கோவில் திருவிழாவுக்கு வாற இசைக்குழுவில பாடுறவரின் பெயரைத்தான் மைக்கில நாலு தரம் சொல்லுவார்கள். பின்னுக்கு நின்று கிட்டார் வாசிக்கிற பெடியன்தான் அந்தக் குழுவின் சொந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டிருப்பான். நிகழ்ச்சி முடிய வயரைச் சுற்றுறவனும் அவன்தான். அவனின் பெயர் யூடியூப் விபரத்தில கூட இருக்காது. இருபது வருசத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு யாருடையது என்டு கேட்டால், பிரபலமான யாரோ ஒருவரின் ஃபோல்டருக்குள்ள அது கிடக்கும்.

அதனால ஒரு சின்ன வேலை. உங்கட ஃபோனில இருக்கிற பாட்டுகளில பத்தை எடுங்க. எழுதியது யார், மெட்டு யார் என்டு தேடிப் பெயரைச் சரியாப் போடுங்க. கெம்பஸ் நிகழ்ச்சியில கவர் பாடினால் பாடகரின் பெயரோட அந்த இரண்டு பெயரையும் சொல்லுங்க. அரை நிமிசம் போதும்.

நான் போன கிழமை ட்ரைவர் அண்ணனிட்டச் சொன்னேன். முதலில முறைச்சுப் பார்த்தார். பிறகு, “அப்படியா மனே, அப்ப அந்தாளின்ட வேற என்ன பாட்டு இருக்கு?” என்டு கேட்டார். இப்ப ஒரு பென்டிரைவ் ரெடி பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஃபோல்டருக்குப் பெயர் ‘கங்கை அமரன்’.