செயற்கை மழையும் அன்றாட வானிலையும்

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் தூவும், அருவிகள் கொட்டும். அதே நாட்களில் கிழக்கே சங்கரன்கோவில், குருவிகுளம் கரிசல் காடுகளில் புழுதி பறக்கும். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலையிலேயே இறக்கிவிட்டு வருவதுதான் காரணம். தலைக்கு மேல் மேகம் ஓடுவதைப் பார்க்கும் மானாவாரி விவசாயி, "விமானத்தை அனுப்பி இதைப் பெய்ய வைக்கக் கூடாதா?" என்று கேட்பது நியாயமே. ஆனால் ஓடுகிற மேகமெல்லாம் பெய்கிற மேகம் அல்ல.

எந்த மேகம் உதவும்?

செயற்கை மழை முறை மேகத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் மேகத்தைத் தூண்டிவிடுகிறது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த நீர்த்துளிகள் உள்ள உயரமான மேகத்திற்கு வெள்ளி அயோடைடு தூவப்படுகிறது. வெப்ப மேகத்திற்கு உப்புத் துகள் தூவப்படுகிறது. ஆடிக் காற்றில் விரையும் தாழ்ந்த, மெல்லிய மேகம் இரண்டுக்கும் ஏற்றதல்ல. துளி பெருத்து விழுவதற்குள் மேகம் வெகுதூரம் போய்விடும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் குவிந்தெழும் இடிமேகமே ஓரளவு வாய்ப்புள்ளது.

பலன் எவ்வளவு?

மகாராஷ்டிரத்தில் மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில், புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019ஆம் ஆண்டுகளில் சோதனை நடத்தியது. மழை சுமார் 18 சதவீதம் கூடியதாக அது கணித்தது. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 1 மில்லி மீட்டர் மழை என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். 20 மில்லி மீட்டர் பெய்யும் நாளில் 18 சதவீதம் கூடினால் ஏக்கருக்குச் சுமார் 14,000 லிட்டர் அதிகம் கிடைக்கும். ஆனால் மழையே இல்லாத நாளில் 18 சதவீதம் கூடினாலும் கிடைப்பது பூஜ்யமே! ஆகவே கடும் வறட்சிக்கு இது மருந்தாகாது.

முடிவு அன்றன்றைக்கே

இப்பணியில் உயிர்நாடி விமானம் அல்ல, அன்றாட முன்னறிவிப்பே. காலையில் பலூன் தரும் ஈரப்பத, வெப்ப, காற்று விவரம், பின்னர் ராடாரும் செயற்கைக்கோளும் காட்டும் மேகம் ஆகியவற்றைப் பார்த்தே "இன்று பறக்கலாம்" என்று தீர்மானிக்க வேண்டும். "இன்று கூடாது" என்று சொல்வதும் அதே அளவு முக்கியம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. கனமழைக்கு வாய்ப்புள்ள நாளில் மலையருகே மேகத்தைத் தூண்டுவது விபரீதமாகும்.

விவசாயி செய்யத்தக்கது

விமானம் வந்தாலும் வராவிட்டாலும், இதே முன்னறிவிப்பு விவசாயிக்கு இன்றே பயன் தரும். வானிலை சார்ந்த வேளாண் ஆலோசனை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளிவருகிறது. 'மேகதூத்' செயலியிலும் பார்க்கலாம். மழை வரும் என்றால் யூரியா மேலுரமிடுவதையும் மருந்து தெளிப்பதையும் தள்ளிப்போடலாம்; அறுவடையை முன்கூட்டி முடிக்கலாம். ஒரு தூற்றலை நம்பி மக்காச்சோளம் ஊன்றி, விதையை இழப்பதைத் தவிர்க்கலாம்.

கிராமத்திற்கு ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளவைக் குறித்து வருவது நல்லது. தூண்டியதால் பெய்த மழை எது, தானாகப் பெய்த மழை எது என்று பிரித்தறியவும் அத்தகைய நெடுநாள் கணக்கு வேண்டும். அரசு செயற்கை மழைக்குச் செலவிடுமுன், மழைமானிக்கும் கண்மாய் மராமத்துக்கும் செலவிடட்டும். கூடுதலாகப் பெய்யும் மழையைத் தேக்க இடமில்லை என்றால், பெய்ய வைத்தும் பயனில்லை.