எந்தப் புலியூர்?

கடலூர் மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

காடாம்புலியூரிலிருந்து எழுதுகிறேன். வயது அறுபத்தெட்டு. பட்டா, முதியோர் உதவித்தொகை எதையும் கேட்டு எழுதவில்லை. அதனால் இந்த மடலை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று உங்கள் அலுவலகத்தில் கொஞ்சம் திணறலாம்.

என் ஆயாவின் அக்காள் எங்களுக்குப் பெரியாயா. அவர் வீட்டுக்காரர் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி முடித்து, மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். பாலம் போடுவதும், எதிரி வந்தால் அதே பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பதும் அந்தப் படையின் வேலை. பண்ருட்டி தபாலாபீஸ் வழியாக மணியார்டர் வந்துகொண்டிருந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது, மணியார்டர் நின்றது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு காகிதம். கிராம முன்சீப் படித்துப் பார்த்து, "காணலன்னு போட்டிருக்கான்" என்றாராம். "செத்துட்டாருன்னு போடலியே?" என்று பெரியாயா கேட்டிருக்கிறார். "இல்ல." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் தாலியைக் கழற்றவே இல்லை. 1978-இல் சாகும்போதும் அது கழுத்தில்தான் இருந்தது.

போர் முடிந்து பென்ஷனுக்கு எழுதிப் போட்டார்கள். கைநாட்டு வைத்த காகிதம் இரண்டு தடவை திரும்பி வந்தது. ரேகை தெளிவாக இல்லையாம். எப்படி இருக்கும்? முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. ஓட்டிலிருந்து கசிகிற பால் பட்டுப் பட்டு விரல் நுனித் தோல் உரிந்து, கறுத்து, வழவழவென்று ஆகிவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் தப்பாது. சின்ன வயதில் அந்தக் கட்டைவிரலைத் தடவிப் பார்த்திருக்கிறேன். கூழாங்கல் மாதிரி இருக்கும். ஒரு மாதம் கொட்டை உடைக்கப் போகாமல், தேங்காயெண்ணெய் தடவிக் காத்திருந்து மூன்றாம் தடவை வைத்த ரேகைதான் தேறியது. அந்த மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று யாரும் சொன்னதில்லை.

பென்ஷன் வந்ததும் ஊர்வாய் சும்மா இருக்குமா? "பென்ஷன் வாங்குறவளுக்குத் தாலி எதுக்கு?" பெரியாயா சொன்ன பதில் எங்கள் வீட்டில் இன்னும் புழங்குகிறது: "காசு கவர்மெண்டு குடுக்குது. தாலி அவரு கட்டுனது."

சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் போர் நினைவகம் இருக்கிறது. புதைத்த இடம் தெரியாமல் போன 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இப்போது யார் வேண்டுமானாலும் புரட்டலாம். இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அதில் தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் வரை இருக்கிறது. என் பேரன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தேடினான்.

மாவட்டம் என்ற இடத்தில் சவுத் ஆர்க்காடு. 1993-இல் உடைந்துபோன மாவட்டம். இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றும் அதற்குள் அடக்கம். ஊர்ப் பெயர்களை எழுதிய குமாஸ்தா நம் பக்கம் கால் வைத்திருக்க மாட்டார். ழகரமும் றகரமும் அவர் கையில் பட்ட பாட்டைப் பார்த்தால் தெரிகிறது. வெறும் புலியூர் என்று எழுதிவிட்டால் எந்தப் புலியூர் என்று நினைப்பது? காடாம்புலியூரா, திருப்பாதிரிப்புலியூரா, பெரும்பற்றப்புலியூரான சிதம்பரமா, ஓமாம்புலியூரா? முனுசாமி மகன் கோவிந்தசாமி என்றால் ஊருக்கு நாலு பேர். பேரன் கைவிட்டுவிட்டான்.

முதல் உலகப் போருக்குப் போன பலருக்கு இந்த வாய்ப்பும் இல்லை. நம் ஊர்கள் பலவற்றில் அந்தக் காலத்துக் கல் உண்டு: இந்தக் கிராமத்திலிருந்து போனவர்கள் இத்தனை, மாண்டவர்கள் இத்தனை. எண்ணிக்கை மட்டும்; பெயர் கிடையாது. அந்தப் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேரை, பெரும்பாலும் இந்தியரையும் ஆப்பிரிக்கரையும், வெள்ளைச் சிப்பாய்களுக்குச் சமமாக நினைவுகூரவில்லை என்று 2021-இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்டார்.

வெள்ளைக்காரன் படைக்குப் போனவனுக்கு நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். வயிற்றுக்காகப் போனவர்தான், மறுக்கவில்லை. ஆனால் சிங்கப்பூரில் கைதான சிப்பாய்களில் பல்லாயிரம் பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். எங்கள் பெரிய தாத்தா எந்தப் பக்கம் நின்று செத்தார் என்பதே எங்களுக்குத் தெரியாது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஆணையத்திடம் சவுத் ஆர்க்காடு பதிவுகளை மொத்தமாகக் கேட்டு வாங்குங்கள். வருவாய்க் கிராமப் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் உங்கள் கீழ்தான். பதிவுகளையும் கிராமப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஊர்களை அடையாளம் காணச் சொல்லுங்கள். குடும்பங்களைத் தலைமுறையாக அறிந்த முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும் 1980-இல் பதவியோடு போய்விட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் சில வருடங்களில் மாறிப் போகிறவர். அதனால் பட்டியலை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசியுங்கள். வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

பெரியாயாவைப் பெயர் சொல்லித் தேட வேண்டாம். ஊருக்கு அவர் பட்டாளத்தார் வீட்டம்மா. ரேஷன் கார்டில் ஒரு பெயர், பிறந்த வீட்டில் இன்னொன்று. கூப்பிட்டனுப்பினால் வந்து எந்தப் பெயர் எந்த வீடு என்று சொல்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் கூப்பிடுங்கள். அவரை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர்தான் மிச்சம்.

இப்படிக்கு,
காடாம்புலியூர்க்காரன் ஒருவன்